பழைய வண்டியின் கார்பரேட்டர்: பிரித்துச் சேர்ப்பதா, மாற்றிவிடுவதா?

சேலத்தில் பழைய பெட்ரோல் வண்டிகளை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கும் அம்பாசடர், செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா காலத்திலிருந்து கைமாறாத ஃபியட், ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் ஜீப். இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் இல்லை ஒரு நாள் மெக்கானிக் வாயிலிருந்து கேட்கிற வார்த்தை ஒன்றுதான்: "கார்பரேட்டர் போச்சுங்க, மாத்திடலாம்."

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் பாகம்தான் கார்பரேட்டர். மாற்றுவது என்றால் எதை எதனால் மாற்றுவது? இருப்பதையே பிரித்துச் சரி செய்யலாம். வேறு வண்டியில் கழற்றிய பழையது வாங்கலாம். கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் போடலாம். இங்கிலாந்திலிருந்து புதிதாகவே வரவழைக்கலாம். மாருதி கார்பரேட்டரை அடாப்டர் (இணைப்புத் தட்டு) வைத்து ஏற்றலாம். ஐந்துமே நம் ஊரில் நடக்கிறது. ஐந்துக்கும் ஆதரவாகப் பேச ஆள் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியோடு பிறந்த கார்பரேட்டரின் பாடி, அதாவது வார்ப்பு உடல், உயிரோடு இருந்தால் அதைச் சரி செய்வதுதான் முதல் வழி. நம் வண்டிகள் கீழேயும் ஓட வேண்டும், ஏற்காட்டுக்கும் ஏற வேண்டும் என்பதால் இதை இன்னும் அழுத்தியே சொல்வேன். பாடி செத்துவிட்டால் மட்டும்தான் மற்ற நான்கையும் பார்க்க வேண்டும். அந்த நான்கில் டூப்ளிகேட் கடைசி.

கோளாறு அங்கேதானா?

இதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். கார்பரேட்டர் மேல் விழும் பழி பல நேரம் வேறு இடத்துக்குச் சேர வேண்டியது. பாயிண்ட் தேய்ந்திருக்கும், கண்டென்சர் சூட்டில் சாகும், டேப்பட் இடைவெளி குறைந்திருக்கும், டேங்கில் துரு இருக்கும், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் விறைத்திருக்கும். வண்டி சூடேறியபின் மட்டும் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டு விட்டு எரிவது) வந்தால் முதலில் கண்டென்சரையும் காயிலையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் நான்கில் ஒன்று மட்டும் கறுப்பாக இருக்கிறதா? அப்படியானால் அது கார்பரேட்டர் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே கார்பரேட்டர்தான் நான்கு சிலிண்டருக்கும் ஊட்டுகிறது. அது கெட்டால் பெரும்பாலும் நான்கும் சேர்ந்துதான் கெடும்.

இதையெல்லாம் பார்த்துச் சரி செய்தபிறகும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) நிலைக்கவில்லை, பெட்ரோல் வழிகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது என்றால், சரி, இனி கார்பரேட்டரைக் கழற்றலாம்.

உங்களிடம் இருப்பது எது?

வருடத்தையும் வண்டிப் பெயரையும் சொல்லிக் கார்பரேட்டரோ கிட்டோ வாங்கப் போகாதீர்கள். எஸ்.யு., சோலெக்ஸ் இரண்டும் கார்பரேட்டர் பிராண்டுகள். அம்பாசடரில் எஸ்.யு. இருந்த வண்டியும் உண்டு, சோலெக்ஸ் இருந்த வண்டியும் உண்டு. அதற்கு மேல் நாற்பது ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், எந்த மெக்கானிக் எதைக் கழற்றி எதைப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. மேசை மேல் வைத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கண்ணால் பார்ப்பதுதான் ஒரே வழி.

எஸ்.யு.வை அடையாளம் காண்பது சுலபம். மேலே அலுமினியக் குடுவை ஒன்று கவிழ்த்து வைத்த மாதிரி நிற்கும். அதன் உச்சியில் கறுப்பு மூடி. மூடியைத் திருகி எடுத்தால் ஒரு கம்பியும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். உள்ளே இருப்பது ஒரு பிஸ்டன். இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அதற்கு ஏற்ப அது மேலே எழும்பும். பிஸ்டனின் அடியில் தொங்கும் நீடில் (ஊசி) கூம்பி வருவதால், எழும்ப எழும்ப ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளையில்) பெட்ரோலுக்கு வழி பெரிதாகும். ஒரே ஜெட்தான். ஐடிலிங்குக்கும் அதுதான், முழு வேகத்துக்கும் அதுதான்.

எஸ்.யு.விலும் வகை உண்டு. ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து (மிதவை வைத்துப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கிண்ணம்) ஒரு சின்ன நைலான் குழாய் வளைந்து ஜெட்டின் அடிக்கு வந்தால் அது எச்.எஸ். வகை. குழாய் இல்லாமல் கிண்ணமே ஒரு போல்ட்டால் பாடியோடு இறுக்கப்பட்டிருந்தால் அதற்கு முந்தைய எச். வகை. எச்.எஸ். என்பதற்குப் பக்கத்தில் வரும் எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு இஞ்சுக்கு மேல் எட்டில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். எச்.எஸ்.2 என்றால் ஒன்றே கால் இஞ்ச், எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை இஞ்ச். வெர்னியர் வைத்து பட்டர்ஃப்ளை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) இருக்கும் துளையை அளந்தால் முதலாவது 31.75 மி.மீ., இரண்டாவது 38.1 மி.மீ. காட்டும்.

இன்னும் துல்லியமான அடையாளம், குடுவையை இறுக்கும் ஸ்குரூ ஒன்றுக்கு அடியில் மாட்டியிருக்கும் சின்ன அலுமினியத் தகடு. ஏ.யு.டி. என்று தொடங்கும் எண் அதில் குத்தியிருக்கும். எந்த இன்ஜினுக்கு, எந்த நீடிலோடு, எந்த ஸ்பிரிங்கோடு செய்தது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். துரதிர்ஷ்டம் என்னவென்றால், முதல் தடவை பிரிக்கும்போதே அந்தத் தகடு தொலைந்துவிடும். கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தகடு இல்லாவிட்டாலும் நீடிலின் மேல் தண்டில் எழுத்துக் குறி இருக்கும். பிஸ்டன் ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் பெயின்ட் நிறம் அதன் பலத்தைச் சொல்லும்: நீலம் இரண்டரை அவுன்ஸ், சிவப்பு நாலரை, மஞ்சள் எட்டு.

சோலெக்ஸின் பெயர் பாடியிலேயே வார்த்திருக்கும். காற்று மேலிருந்து கீழே இறங்கும் வகை. பிரீமியர் பத்மினியில் வந்தது 32 பி.பி.ஐ.சி. அந்த 32 பட்டர்ஃப்ளை துளையின் மி.மீ. அளவு. உள்ளே எஸ்.யு. போல ஒரே ஜெட் கிடையாது. மெயின் ஜெட், ஐடிலிங்குக்கு பைலட் ஜெட், ஏர் கரெக்‌ஷன் ஜெட், மிதித்தவுடன் ஒரு பீய்ச்சு பெட்ரோல் அடிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப், குளிரில் ஸ்டார்ட் பண்ணத் தனி ஸ்டார்ட்டர் அமைப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். ஜெட்டுகளின் தலையில் எண் வெட்டியிருக்கும். 120 என்றால் 1.20 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். கழற்றும்போது ஒவ்வொரு ஜெட்டின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் சோலெக்ஸ் இருந்தது. ஆனால் ஹெரால்டின் சோலெக்ஸும் பத்மினியின் சோலெக்ஸும் ஒன்றல்ல. பெயர் ஒன்று என்பதற்காகக் கிட் பொருந்தாது.

எஸ்டேட் ஜீப்புகள் தனிக் கதை. வில்லிஸிலும் அதே வடிவத்தில் மகிந்திரா செய்த சிஜே3பி-யிலும் இருந்த 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜினுக்கு உரியது கார்ட்டர் ஒய்.எஃப். இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸில் கார்ட்டர் டபிள்யு.ஓ. மூடி ஸ்குரூவில் ஒரு முக்கோணத் தகடு தொங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மலையில் நான் பார்த்த ஜீப்புகளில் அந்தத் தகடும் இல்லை, பலவற்றில் கார்ட்டரும் இல்லை. சோலெக்ஸ் ஏறியிருக்கிறது, அல்லது இன்ஜினே டீசலாக மாறியிருக்கிறது.

பாடிதான் தீர்ப்புச் சொல்லும்

ஜெட், நீடில், ஃப்ளோட், கேஸ்கட், டயாஃப்ரம் எல்லாமே மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது பாடி மட்டும். அதனால் முடிவெடுக்கும் முன் பாடியை மட்டும் நிதானமாகச் சோதியுங்கள்.

முதல் சோதனை பட்டர்ஃப்ளையின் ஸ்பிண்டில், அதாவது அந்தத் தகடு சுழலும் தண்டு. அதன் முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. கடகடவென்று ஆடினால் அந்த இடைவெளி வழியாக, கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஐடிலிங் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லாமல் இருப்பதற்கும், மிக்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) ஸ்குரூவைத் திருகித் திருகி மெக்கானிக் சலித்துப் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மலை இறங்கும்போது இதன் சத்தமே கேட்கும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகையில் மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) உறிஞ்சும் விசை உச்சத்தில் இருக்கும். தேய்ந்த ஸ்பிண்டில் பக்கமாகக் காற்றை இழுக்கும். சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும்.

வண்டியில் இருக்கும்போதே சோதிக்க வேண்டுமா? இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஸ்பிண்டில் முனைகளில் கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் லீக் இருக்கிறது. சூடான எக்சாஸ்ட் பக்கத்தில் இருப்பதால் துளித்துளியாக அடியுங்கள், கையருகில் தீயணைப்பான் இருக்கட்டும்.

அடுத்தது, மேனிஃபோல்டோடு உட்காரும் முகம். அளவுக்கு மீறி நட்டை இறுக்கி இறுக்கி, நட் உட்காரும் இரண்டு காதும் வளைந்திருக்கும். கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. கொஞ்சம் வளைவு என்றால் கண்ணாடி மேல் எமரி பேப்பரை ஒட்டி, எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தால் சரியாகிவிடும். காதே விரிந்து வெடித்திருந்தால் அந்தப் பாடியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது அரிப்பு. வெகு நாள் நின்ற வண்டியில் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் சாம்பல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தண்ணீர் கலந்த பெட்ரோல் துத்தநாகக் கலப்பு உலோகத்தைத் தின்றதன் எச்சம் அது. பொடியைச் சுரண்டியபின் கீழே வழவழவென்று இருந்தால் பிழைத்தது. குழிகள் ஜெட் உட்காரும் இடம் வரைக்கும் போயிருந்தால் ஜெட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் பெட்ரோல் கசியும்.

ஸ்பிண்டில் தேய்ந்ததைப் பார்த்துப் பாடி போய்விட்டது என்று தூக்கி எறிபவர்கள்தான் அதிகம். அதுதான் எனக்கு ஆதங்கம். ஸ்பிண்டில் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் (வளைய உறை) அடித்துச் சரி செய்யலாம். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. இந்த வேலை தெரிந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "புஷ் போடுறது பெரிசு இல்லீங்க. ரெண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே நேரா வரணும். ஒரு பக்கம் தனியா, இன்னொரு பக்கம் தனியா டிரில் போட்டா பட்டர்ஃப்ளை இடிக்குங்க." இரண்டையும் ஒரே ரீமரால் (துளையை அளவாக்கும் கருவி) ஊடுருவி ஓட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பட்டர்ஃப்ளையைப் பிடிக்கும் இரண்டு குட்டி ஸ்குரூக்களைப் பழையபடி போட வேண்டாம், புதிது போட்டு முனையை விரித்துவிடச் சொல்லுங்கள். அது கழன்றால் நேரே சிலிண்டருக்குள் போகும்.

இருப்பதையே பிரித்துச் சேர்ப்பது

பாடி தேறிவிட்டால் மீதி வேலையில் பெரும்பகுதி சுத்தம்தான். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, எல்லா வழியிலும் ஏர் அடித்து, ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. காஸ்டிக் சோடாவில் போடுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள். இரும்புக்குச் சரி, அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அது கரைத்துவிடும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தக்கூடாது. 1.20 மி.மீ. துளையில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஏர் அடிக்கும் முன் ஃப்ளோட்டை எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்தில் நசுங்கும்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகில் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சுடுதண்ணீரில் அமுக்கினால் எங்கே ஓட்டை என்று குமிழி காட்டிக்கொடுக்கும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் பொட்டு அளவுதான். எடை கூடினால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். எச்.எஸ். வகையில் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, ஃப்ளோட் கைக்கும் மூடிக்கும் நடுவில் எட்டில் ஒரு இஞ்ச் டிரில் பிட்டை வைத்தால் மட்டம் சரிதானா என்று தெரியும். கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வைப் போட்டபின் மூடியைக் கவிழ்த்துக் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்று போகக்கூடாது.

எஸ்.யு.வில் பயந்து தொட வேண்டியது பிஸ்டனும் குடுவையும். இரண்டும் ஜோடியாகச் செய்தவை. ஒன்றின் குடுவையில் இன்னொன்றின் பிஸ்டனைப் போட்டால் வேலை செய்யாது. எமரி போட்டுப் பளபளப்பாக்கினால் இடைவெளி மாறி, காற்றுக் கணக்கே தப்பும். பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். நீடிலின் தோள் பிஸ்டன் அடி முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். சேர்த்தபின் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக் என்று சத்தம் கேட்க விழுந்தால் நீடில் ஜெட்டின் நடுவில் இருக்கிறது. இழுத்துக்கொண்டு இறங்கினால் ஜெட்டைத் தளர்த்தி நடுவில் நிறுத்த வேண்டும். மேல் மூடிக்குள் 20 கிரேடு எண்ணெய் ஊற்றுங்கள். இந்த எண்ணெயைப் பலர் பல வருடமாகத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அது வற்றினால் மிதித்தவுடன் வண்டி தடுமாறும், அதற்கும் கார்பரேட்டர் போச்சு என்று பெயர் வரும்.

இந்த வழியின் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். சோலெக்ஸ் கிட் சுலபமாகக் கிடைக்கும். எஸ்.யு.வுக்கு நல்ல ஜெட், நீடில், நைலான் குழாய் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனால் முடித்தபின் உங்கள் கையில் இருப்பது அந்த இன்ஜினுக்கென்றே அளவெடுத்த பொருள்.

பழையது, டூப்ளிகேட், புதியது

சென்னை புதுப்பேட்டையிலோ வேறு உதிரிபாகக் கடையிலோ பழைய கார்பரேட்டர் வாங்குவது, என்னைக் கேட்டால், உதிரிக்காகச் செய்ய வேண்டிய வேலை. அதுவும் உங்கள் வண்டி போலவே ஓடித் தேய்ந்ததுதான். ஆனால் உங்கள் பாடி வெடித்து, அதன் பாடி நன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். போகும்போது வெர்னியரை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டூப்ளிகேட் வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். அதுதான் ஆபத்து. ஜெட்டின் தலையில் எண் சரியாக இருக்கும், துளை அந்த அளவில் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடி முகம் வளைந்தே வரும். எனக்குத் தெரிந்த ஒரு பத்மினியில் போட்ட டூப்ளிகேட், ஐடிலிங்கில் நன்றாக ஓடி, மூன்றாம் கியரில் பாதி ஆக்சிலரேட்டரில் மட்டும் தடுமாறியது. எந்த ஸ்குரூவைத் திருகியும் அதைச் சரி செய்ய முடியவில்லை, ஏனென்றால் அது திருகிச் சரி செய்யும் கோளாறே இல்லை. உள்ளே வழிகள் தப்பாக வார்க்கப்பட்டிருந்தன. கடைசியில் மூட்டை கட்டி வைத்திருந்த பழைய சோலெக்ஸையே சுத்தம் செய்து போட்டார்கள், ஓடியது.

புதிதாகவே வேண்டும் என்றால் எஸ்.யு. இன்றும் தயாராகிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தில் இருக்கும் பர்லன் நிறுவனம் முழு கார்பரேட்டரும் செய்கிறது, பழைய வகைகளுக்கு உதிரிபாகமும் கிட்டும் தருகிறது. தரத்தில் சந்தேகமே வேண்டாம். சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேரும்போது விலை நம்மை யோசிக்க வைக்கும். அதனால் முழு கார்பரேட்டரை விட அங்கிருந்து ஜெட், நீடில், ஸ்பிண்டில், கேஸ்கட் மட்டும் வரவழைத்து நம் பாடியில் போடுவது புத்திசாலித்தனம். பாடி உண்மையாகவே செத்துப்போன எஸ்.யு. அம்பாசடருக்கு மட்டும் முழுப் புதியதை நான் பரிந்துரைப்பேன்.

மாருதி கார்பரேட்டர் ஏற்றுவது

இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தினம் ஓட்டும் வண்டிக்கு, அதுவும் எந்த மெக்கானிக்கும் கை வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பவருக்கு, இது நியாயமான வழி. நன்றாகச் செய்தால் மைலேஜும் ஏமாற்றாது.

ஆனால் "மாருதி" என்று மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். மாருதி 800-ன் இன்ஜின் 796 சி.சி. அம்பாசடரின் பி.எம்.சி. இன்ஜின் 1489 சி.சி. சின்ன இன்ஜினுக்குச் செய்ததைப் பெரிய இன்ஜினில் போட்டால் ஐடிலிங் அருமையாக இருக்கும், மேட்டில் மூச்சு முட்டும். பத்மினியின் 1089 சி.சி.க்கே அது சிறியது. 1298 சி.சி. ஜிப்ஸி, எஸ்டீம் வண்டிகளின் கார்பரேட்டர் காலத்து மாடல்களிலிருந்து எடுத்தது இந்த இன்ஜின்களுக்குப் பக்கத்தில் வரும். அதற்குத் தட்டையான அடாப்டர் பிளேட் வேண்டும். ஆக்சிலரேட்டர் கம்பியை மாற்ற வேண்டும். ஐடிலிங்கில் பெட்ரோலை அடைக்கும் சொலினாய்டுக்கு இக்னிஷனிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய ஏர் ஃபில்டர் பெரும்பாலும் பொருந்தாது. ஏர் ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் தூசியில் அது இன்ஜினுக்கே கேடு.

எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ஃப்ளோட் கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருந்தால் மேடு ஏறும்போது ஜெட்டில் பெட்ரோல் மட்டம் கொஞ்சம் ஏறும், இழுவை குறையாது. பின்பக்கம் பார்த்து இருந்தால் மட்டம் இறங்கும், சரியாக ஏற்றத்தின் நடுவில் பெட்ரோல் பற்றாமல் இழுக்கும். அடாப்டர் செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏற்காட்டுக் கணக்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே காற்றின் அடர்த்தி சேலத்தை விட ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. காற்று குறைகிறது, ஜெட்டின் துளை அதேதான். விளைவு, மிக்சர் சுமார் 6 சதவீதம் பெட்ரோல் பக்கம் கூடுகிறது. சேலத்தில் கச்சிதமாக ட்யூன் செய்த வண்டி ஏற்காட்டு ஏரிக்கரையில் கறுப்புப் புகை விடுவதற்குக் காரணம் இது. எஸ்.யு.வுக்கும் இது நடக்கும், சோலெக்ஸுக்கும் நடக்கும்.

இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் முழுசாக எரியக் காற்று குறைவாகப் போதும். அதாவது பழைய ஜெட்டில் இ20 போட்டால் மிக்சர் ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் பற்றாத பக்கம் போகிறது. கவனித்தீர்களா? மலை கூட்டுவதும் எத்தனால் குறைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஜெட் எதையும் மாற்றாத பழைய வண்டி இன்றைக்கு ஏற்காட்டில் சரியாக ஓடி, சேலம் வெயிலில் தடுமாறிச் சூடேறும். கீழே ஐந்து ரோடு சிக்னலில் மக்கர் செய்து மேலே ஒழுங்காக ஓடுகிற அம்பாசடர் பற்றி யாராவது சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இங்கேதான் எஸ்.யு.வுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியும். எஸ்.யு.வில் ஜெட்டின் அடியில் ஒரு ஆறுமுக நட் இருக்கிறது. ஜெட்டை மேல் முகத்தோடு சமமாக வைத்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம் கீழே இறக்குவது ஆரம்பம். இ20-க்கு ஓரிரு முகம் இன்னும் இறக்குவது, மலையில் கொஞ்ச நாள் தங்கினால் ஏற்றுவது, எல்லாம் சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரால் முடியும். சரிதானா என்று பார்க்க, பாடியின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பின்னை மேலே தள்ளி பிஸ்டனை மயிரிழை தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நின்றுபோனால் குறைவு. லேசாக ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சோலெக்ஸில் ஐடிலிங்கைத்தான் ஸ்குரூவால் மாற்றலாம், ஓட்டத்துக்கு மெயின் ஜெட்டையே மாற்ற வேண்டும். எண்ணில் ஒரு படி மேலே உள்ள ஜெட் ஒன்றை கிளவ் பாக்ஸில் வைத்துக்கொண்டால் போதும். மாருதியில் இந்த வேலையைச் சாலையோரத்தில் செய்ய நினைக்காதீர்கள்.

ஏறும்போது இன்னொரு தொல்லை, சூடு. முதல் கியரில் மெதுவாக வளைவு வளைவாக ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும், எத்தனால் கலந்ததால் இன்னும் சீக்கிரம். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு தடித்த கறுப்பு பேக்கலைட் துண்டு இருக்க வேண்டும். சூடு ஏறாமல் தடுப்பது அதுதான். டூப்ளிகேட் போடும்போதும் மாருதி ஏற்றும்போதும் முதலில் காணாமல் போவதும் அதுதான். எந்த வழியை எடுத்தாலும் அது திரும்ப உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனாலுக்குத் தாங்கும் பெட்ரோல் ஹோஸும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் முனை வைத்த நீடில் வால்வும் இதே வேலையில் சேர்த்துப் போடுங்கள். பழைய ரப்பரும் கார்க்கும் இ20-ல் ஊறித் தளர்ந்துவிடும்.

யாருக்கு எது

ஞாயிறு மட்டும் எடுக்கும் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்றால் இருப்பதைச் சரி செய்யுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை, 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் வகையில் பதிய நினைத்தால், அசல் நிலையில் வைத்திருப்பதுதான் அதற்கு அடிப்படை. கார்பரேட்டரும் அந்த அசலில் ஒரு பங்கு.

தினம் ஆபீஸ் போகும் வண்டி, வீட்டில் வேறு கார் இல்லை, ட்யூனிங்கில் ஈடுபாடும் இல்லை என்றால் 1298 சி.சி. மாருதி கார்பரேட்டரை நல்ல அடாப்டரோடு ஏற்றுங்கள்.

எஸ்டேட் ஜீப்புக்கு என் தேர்வு வேறு. கார்ட்டர் இருந்து, பாடி நன்றாக இருந்தால் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஏற்கெனவே சோலெக்ஸ் ஏறிய ஜீப்பில் கார்ட்டர் தேடி அலையவும் வேண்டாம். உதிரி கிடைக்கும் சோலெக்ஸே மலையில் வசதி. அறுவடை முடிந்து ஜீப் மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

மாற்ற முடிவெடுத்தவர்களுக்கு ஒன்று. கழற்றிய கார்பரேட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சுத்தம் செய்து, ஜெட்டுகளையும் அந்தச் சின்னத் தகட்டையும் அதன் உள்ளேயே வைத்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டி எண்ணை எழுதி எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான், அதற்குத் தனியாகக் காசும் கொடுப்பார்.